பார்த்தேன், தெரியவில்லை

பஸ் நிறுத்தத்தில் அம்மாவோடு நிற்கிறீர்கள். “பஸ் வருதான்னு பார்” என்கிறார். எட்டிப் பார்த்துவிட்டு, “பார்த்தேம்மா, ஒண்ணும் தெரியல” என்கிறீர்கள். ‘லுக்’, ‘சீ’ என்ற இரண்டு ஆங்கில வினைகளுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் இப்போது சொன்னீர்கள். கண்ணைத் திருப்புவது நாம் செய்யும் வேலை, அது லுக். கண்ணில் படுவது நமக்கு நேர்வது; அது சீ. அகராதி இரண்டுக்கும் ‘பார்’ என்றே பொருள் போடுவதால்தான் குழம்பிப்போகிறோம்.

காதுக்கும் இதே கதைதான். “காது கொடுத்துக் கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை.” முதல் ‘கேள்’ லிசன், இரண்டாவது ஹியர். ஒரே வினையை வைத்துக்கொண்டு தமிழ் எப்படிச் சமாளிக்கிறது? எழுவாயை மாற்றித்தான். ‘நான் பாட்டு கேட்கிறேன்’, ‘எனக்குச் சத்தம் கேட்கிறது’. ஆகவே, மனதில் ‘நான்’ வந்தால் லுக் அல்லது லிசன். ‘எனக்கு’ வந்தால் சீ அல்லது ஹியர். எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை. எல்லா இடத்திலும் செல்லாதுதான்: ‘நேற்று உன் தம்பியைப் பார்த்தேன்’ என்பதில் ‘நான்’ இருந்தாலும் ஆங்கிலத்தில் அது ‘சா’, அதாவது ‘சீ’யின் இறந்தகாலம்.

‘ஐ ஆம் சீயிங் எ பேர்ட்’ என்பது ஏன் தவறு? தத்துவவியலாளர் செனோ வெண்ட்லர் 1957இல் எழுதிய ஒரு கட்டுரையில், காலத்தோடு உள்ள உறவை வைத்து ஆங்கில வினைகளை நான்கு வகையாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று செயல், இன்னொன்று நிலை. செயல் நடந்துகொண்டிருக்கும், அதனால் ‘-இங்’ ஏற்கும். நிலை பொதுவாக ஏற்காது. பறவை கண்ணுக்குத் தெரிவது ஒரு நிலை. அதனால் ‘ஐ கேன் சீ எ பேர்ட்’. ஆனால் ‘ஐ ஆம் சீயிங் தி டாக்டர் டுமாரோ’ சரி, ஏனென்றால் அங்கே சீ என்றால் சந்திப்பது.

சரி, ‘வாட்ச்’? இதுவும் ‘வேக்’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. விழித்திருந்து காவல் காப்பதே பழைய பொருள், வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் பல்லி சும்மா ஒட்டிக்கொண்டிருந்தால் லுக் அட். அது பூச்சியை நோக்கி நகர நகர நம் கண்ணும் கூடவே போனால் வாட்ச். கிரிக்கெட்டுக்கும் டிவிக்கும் வாட்ச் வருவது இதனால்தான்.

ஸ்வீடனைச் சேர்ந்த மொழியியலாளர் வீபெர்க் 1980களில் 50க்கும் மேற்பட்ட மொழிகளின் புலன் வினைகளை ஒப்பிட்டார். பார்வைக்கான சொல் மற்றப் புலன்களுக்கும் பரவும் என்பது அவர் கண்ட போக்குகளில் ஒன்று. நாம் ருசி ‘பார்ப்பதும்’ அப்படித்தான். மூக்கு விஷயத்திலோ நிலைமை தலைகீழ். பூவை முகர்ந்தாலும், நமக்கு அதன் வாசனை வந்தாலும், பூவே மணத்தாலும் ஆங்கிலத்துக்கு எல்லாம் ‘ஸ்மெல்’தான். தமிழ் கற்கும் ஆங்கிலேயர் தடுமாறும் இடம் இது.