கலங்கரை விளக்கம்: இந்தக் ‘கரை’ கடற்கரை இல்லை

காலையில் வளவு ஓட்டின் மேல் காக்கை உட்கார்ந்து கத்தினால், எங்கள் அப்பத்தா அடுப்படியில் இருந்தபடியே “காக்கா கரையுது, யாரோ வாராக” என்பார். சொல்லிவிட்டு உலையில் கூட ஒரு உழக்கு அரிசி போடுவார். ‘கலங்கரை விளக்கம்’ என்ற சொல்லுக்குப் பொருள் அந்தக் ‘கரையுது’ என்பதில்தான் இருக்கிறது.

ஆற்றங்கரை, குளத்தங்கரை என்று கேட்டுப் பழகிய காது, கலங்கரை என்றதும் கப்பல் நிற்கும் கரை என்று எடுத்துக்கொள்கிறது. நானும் பள்ளி நாட்களில் அப்படித்தான் நினைத்திருந்தேன். கலம் என்றால் கப்பல், அது சரி. கரை என்பதோ ‘கரைதல்’ என்னும் வினை. கரைதல் என்றால் குரல் கொடுத்து அழைத்தல். “காக்கை கரவா கரைந்துண்ணும்” என்ற குறளில் காக்கை தன் இனத்தைக் கூப்பிட்டு உண்கிறதே, அதே கரைதல்தான். ஆக, கலங்களைக் கரையும் விளக்கம், அதாவது கப்பலைக் கூப்பிடும் விளக்கு.

இது பிற்காலத்தில் யாரோ பொருத்திச் சொன்ன பொருள் இல்லை. சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படை ஒரு துறைமுகத்தைக் காட்டும்போது, “இரவில் மாட்டிய இலங்குசுடர் ஞெகிழி, உரவுநீர் அழுவத்து ஓடுகலம் கரையும் துறை” என்கிறது. ஞெகிழி என்றால் தீக்கொள்ளி. வானத்துக்கு முட்டுக் கொடுத்த தூண் போல ஓர் உயர்ந்த மாடம், அதில் ஏற ஏணி, மேலே கூரை வேயாத தளம். அங்கே இரவில் மூட்டிய தீ, நடுக்கடலில் ஓடும் கலங்களைக் கரைகிறது. நெருப்புக்குக் குரல் இருப்பதாக அந்தப் புலவர் பாடிய அழகை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அப்புறம், சொல் முழு வடிவில் வருவது சிலப்பதிகாரத்தில்: “இலங்குநீர் வரைப்பின் கலங்கரை விளக்கமும்.” இடம் புகார்க் கடற்கரை. செட்டிநாட்டு நகரத்தார் தங்கள் பூர்வீகம் என்று சொல்லும் காவிரிப்பூம்பட்டினம் அதுதான். அதனால் செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்த வரி கொஞ்சம் கூடுதலாகவே இனிக்கும். அந்த இடத்தில் இளங்கோ ஒரு விளக்கு வரிசையே வைத்திருக்கிறார். அப்பம் சுடுகிற கூவியர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, பரதவரின் படகு விளக்கு, வேற்றுமொழி பேசும் நாட்டாரின் அணையா விளக்கு, பண்டகசாலைக் காவலர் விளக்கு. அவற்றுக்கு நடுவேதான் இதுவும் எரிகிறது. எல்லாவற்றையும் ‘விளக்கம்’ என்றே சொல்கிறார். எனவே இங்கே விளக்கம் என்றால் பொருள் விரித்துச் சொல்வது இல்லை, விளக்குதான்.

சென்னையில் 1796இல் கோட்டைக் கட்டடம் ஒன்றின் மேல் எண்ணெய் விளக்கு ஏற்றினார்கள். 1844இல் தனித் தூண், 1894இல் உயர் நீதிமன்றக் கோபுரம், 1977 முதல் மெரினா என்று விளக்கு மூன்று முறை இடம் மாறியிருக்கிறது. மெரினா நிறுத்தத்துக்குக் கலங்கரை விளக்கம் என்றே பெயர். ஆனாலும் பேச்சில் ‘லைட் ஹவுஸ்’தான் முந்திக்கொள்கிறது.

இலங்கைத் தமிழர் சொல்லும் ‘வெளிச்சவீடு’ எளிமையான நல்ல சொல். ஆனால் அது ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பு. எழுத்தில் கலங்கரை விளக்கம் என்றோ கலங்கரை விளக்கு என்றோ எழுதலாம், இரண்டும் சரி. வெறும் ‘கலங்கரை’ என்று நிறுத்துவது மட்டும் வேண்டாம். அப்படி எழுதினால் கூப்பிடுகிற விளக்கே சொல்லிலிருந்து விழுந்துவிடுகிறது.