டெர்மினலில் ஒரு நோட், கிரானில் வேறொரு நோட்

பகலில் கையால் ஓட்டினால் ஓடுகிறது. இரவில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் கிரான் ஓட்டினால் விழுகிறது. சர்வர் வேலை பார்ப்பவர்களில் இதில் மாட்டாதவர் குறைவு. நான் மாட்டியது நோடில் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் Node.js) ஓடும் ஒரு சின்ன ரிப்போர்ட் ஸ்கிரிப்டில். டெர்மினலில் ‘நோட் -வி’ என்று வெர்ஷனைக் கேட்டால் 20 என்றது. நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலை லாக்கைத் திறந்தால் சின்டாக்ஸ் எரர்: இந்தப் புள்ளியை எதிர்பார்க்கவில்லை என்கிறது. அது சுட்டிக்காட்டிய இடத்தில் இருந்தது ‘?.’ என்ற குறி. நோட் 14-இல்தான் அது அறிமுகமானது. அப்படியானால் இரவில் ஓடியது 20 இல்லை. அந்த உபுண்டு 22.04 சர்வரில் எப்போதோ யாரோ ஏபிடி (உபுண்டுவின் சொந்த இன்ஸ்டால் கருவி) வழியாகப் போட்டு மறந்துபோன 12.

இந்தக் குழப்பம் எங்கே பிறக்கிறது? டெர்மினலில் தெரிந்த 20 வந்தது என்விஎம் வழியாக. பல நோட் வெர்ஷன்களை வைத்து மாற்றித் தரும் கருவி அது. அது தனி புரோகிராம் இல்லை, டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லின் ஒரு ஃபங்ஷன் மட்டுமே. டெர்மினல் திறக்கும்போது பாஷ்ஆர்சி என்ற தொடக்கக் கோப்பைப் படித்தால்தான் அது ஷெல்லுக்குள் வருகிறது. ‘என்விஎம் யூஸ் 20’ என்று அடித்தால், 20-இன் ‘பின்’ (bin) ஃபோல்டரை, கட்டளைகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியலான பாத் (PATH) என்ற மாறியின் முன்னால் கொண்டுவந்து ஒட்டுகிறது, அவ்வளவுதான். ஷெல் பாத்தை இடமிருந்து வலமாகத் தேடிப்போகும். முதலில் எந்த நோட் கிடைக்கிறதோ அதுதான் ஓடும். கிரான் பாஷ்ஆர்சி பக்கமே போவதில்லை. உபுண்டுவில் அதற்குத் தெரிந்த பாத் /யுஎஸ்ஆர்/பின், /பின் இரண்டும்தான். அட்மின் உரிமையோடு கட்டளையை ஓட்டும் சுடோவும் இதே கதை. அதற்கென்று தனியாக ஒரு பாத் வைத்திருக்கிறது.

நான் செய்த திருத்தம் எளிது. ஹோம் ஃபோல்டரில் .என்விஎம்முக்குள் போனால் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள ‘பின்’ ஃபோல்டரின் முழு முகவரியை, கிரானுக்கான வேலைப் பட்டியலான கிரான்டேப்பின் முதல் வரியில் பாத்தின் தொடக்கமாக எழுதினேன். இதிலும் ஒரு பள்ளம் உண்டு. பழைய பாத்தை ‘$பாத்’ என்று போட்டு இழுத்துக்கொள்ளலாம் என்று கை தானாக அடிக்கும். கிரான்டேப் அதை விரிக்காது, அப்படியே எழுத்தாக எடுத்துக்கொள்ளும். /யுஎஸ்ஆர்/பின், /பின் இரண்டையும் நாமேதான் முழுசாக எழுத வேண்டும். ஸ்கிரிப்டை மட்டும் முழு முகவரியுள்ள நோடால் ஓட்டினால் போதாதா என்று கேட்கலாம். அந்த ஸ்கிரிப்ட் உள்ளே வேறொரு நோட் கருவியைக் கூப்பிட்டால், அது மறுபடி பாத்தைத் தேடிப்போய் 12-இடம்தான் நிற்கும்.

அன்றிலிருந்து புது சர்வரில் உட்கார்ந்தால் ‘நோட் -வி’க்கு முன் ‘டைப் -ஏ நோட்’ அடிக்கிறேன். முன்னது ஓடுவதை மட்டும் சொல்லும். பின்னது வரிசையில் நிற்கும் அத்தனையையும் காட்டும்.

வெர்ஷன் எண்ணை ஆளின் நினைவில் விடாமல் புராஜெக்டிலேயே எழுதி வையுங்கள். நோடுக்கு .என்விஎம்ஆர்சி, பைத்தான் வெர்ஷன்களை மாற்றித் தரும் பைஎன்விக்கு .பைத்தான்-வெர்ஷன். இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும் குணம் வேறு. ஃபோல்டருக்குள் நுழைந்தவுடன் என்விஎம் அந்தக் கோப்பைத் தானாகப் படிக்காது. ‘என்விஎம் யூஸ்’ அடித்தால்தான் படிக்கும். பைஎன்வி ஷிம் என்ற இடைத்தரகரை பாத்தில் வைக்கிறது. பைத்தானைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அந்த ஷிம், நாம் நிற்கும் ஃபோல்டரில் கோப்பைத் தேடும், இல்லையென்றால் மேலே மேலே ஏறிப் போகும். பெற்றோர் ஃபோல்டரில் மறந்துபோன கோப்பு ஒன்று கிடந்தால் கீழே தனக்கென்று கோப்பு இல்லாத எல்லாப் புராஜெக்டும் அதற்குக் கட்டுப்படும். சந்தேகம் வந்தால் ‘பைஎன்வி வெர்ஷன்’ அடியுங்கள். எண்ணோடு, அதை எந்தக் கோப்பு சொன்னது என்பதையும் காட்டும்.

கட்டளைகளை விட்டுவிட்டு ஒன்று: கோடைத் தானாகச் சோதிக்கும் சிஐக்கான கோப்பில் பைத்தான் 3.10-ஐ மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். எழுதாவிட்டால், அந்தக் கோப்பு எழுதப்படும் வடிவமான யாம்ல் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு 3.1 ஆக்கிவிடும்.

வெர்ஷன் மாற்றியதும், இன்ஸ்டால் செய்த மாட்யூல்கள் கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அப்படியே வைத்துக்கொள்வதும் வம்புதான். சி++-இல் கம்பைல் செய்த மாட்யூல் இருந்தால், 108-க்குக் கட்டியது, தேவை 115 என்று எரர் வரும். இவை கம்பைல் செய்த மாட்யூல்களுக்காக நோட் வைத்திருக்கும் உள் எண்கள்: 108 நோட் 18-இன் எண், 115 நோட் 20-இன் எண். ‘என்பிஎம் ரீபில்ட்’ போதும். நான் ஃபோல்டரையே அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்துவிடுவேன்.

பழையதை எடுத்தால் தீர்ந்தது என்று சிஸ்டம் பைத்தானில் கை வைக்காதீர்கள். /யுஎஸ்ஆர்/பின்னில் உள்ள பைத்தான்3 நமக்காக வைத்தது இல்லை, உபுண்டு தனக்காக வைத்தது. அந்த லிங்க்கை வேறு வெர்ஷனுக்குத் திருப்பினால் ஏபிடியோடு வரும் துணை ஸ்கிரிப்டுகள் ‘ஏபிடி_பிகேஜி மாட்யூல் இல்லை’ என்று விழும். க்னோம் டெர்மினலே திறக்காமல் போன கதையும் உண்டு. அதைத் தொடங்கும் கோப்பு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்.

நோட் அப்படி இல்லை. எந்தப் பேக்கேஜும் அதை நம்பி இல்லை என்று பார்த்துவிட்டு அந்த 12-ஐ நீக்கினேன். இனி யாராவது கிரான்டேப்பில் பாத்தை எழுத மறந்தால், நோட் என்று ஒன்றே இல்லை என்று லாக்கின் முதல் வரியே சொல்லிவிடும்.