பழைய லென்ஸைக் கழற்றும் முன்

பழைய மேனுவல் லென்ஸ்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். என் மேசைக்கு வருபவற்றில் பல முழு லென்ஸாக வருவதில்லை, பிளாஸ்டிக் பையில் உதிரிகளாக வருகின்றன. கழன்ற வளையங்கள், ஒரு பிடி திருகுகள், காகிதத்தில் சுற்றிய கண்ணாடிகள். கொண்டுவருபவர்கள் சொல்வது ஏறத்தாழ ஒன்றுதான்: "கழட்டிட்டேன் சார், திரும்ப மாட்டத் தெரியல."

வீட்டில் லென்ஸைத் திறக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் மாட்டும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை கழற்றும்போதே உண்டாகிவிட்டவை. அந்த நேரத்தில் எதைக் குறித்து வைக்கவில்லையோ, அதுதான் பிறகு நம்மை வதைக்கும்.

முதலில், திறக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்னால் இருந்து பார்த்தால் எந்தப் பழைய லென்ஸும் பயமுறுத்தும். உள்ளே நாலைந்து தூசி, கண்ணாடிக்குள் ஓரிரு காற்றுக் குமிழ் எல்லாம் படத்தில் தெரியவே தெரியாது. அதற்காகத் திறந்து, வெளியே எடுக்கும் தூசியைவிட அதிகத் தூசியை உள்ளே விட்டவர்கள் உண்டு. கண்ணாடியில் புகை படிந்தது போன்ற மங்கல், வலை போலப் படரும் பூஞ்சை, அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை) பிளேடில் எண்ணெய், இறுகிப்போன ஃபோகஸ் வளையம், இவைதான் திறக்க நியாயமான காரணங்கள்.

"தூரத்தில் உள்ளது தெளிவாக விழவில்லை" என்ற குறைக்கு, லென்ஸைத் தொடும் முன், பழைய லென்ஸை வேறு வகைக் கேமராவில் பொருத்த இடையில் போடும் வளையமான அடாப்டரைச் சந்தேகியுங்கள். எம்42 எனும் திருகி மாட்டும் வகை லென்ஸுக்கு, அது பொருந்தும் தளத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. இருக்க வேண்டும். அடாப்டர் தடிமன் அதில் 0.1 மி.மீ. கூடினால்கூட, 50 மி.மீ. லென்ஸை இன்ஃபினிட்டியில் (எல்லையற்ற தூரத்தில்) வைத்தாலும் அது சுமார் 25 மீட்டர் தூரத்தில்தான் ஃபோகஸ் ஆகும். அதற்கு மேல் எல்லாமே மெல்லக் கலங்கும். நன்றாக இருப்பதாகத் தெரிந்த இன்னொரு லென்ஸை அதே அடாப்டரில் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். குற்றம் அடாப்டரில் இருக்க, லென்ஸைத் திருத்தப்போய்க் கெடுத்த கதைகள் எனக்கு நிறையத் தெரியும்.

கருவிகளில் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஜப்பானிய லென்ஸ்களின் கூட்டல்குறித் திருகுகள் பார்க்க ஃபிலிப்ஸ் போலவே இருக்கும், ஆனால் அவை ஜே.ஐ.எஸ். எனும் ஜப்பானியத் தர வகை. ஃபிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராமல் நழுவி, தலையைச் சிதைத்துவிடும். பலமும் திருகுவதற்கு அல்ல, அழுத்துவதற்கே அதிகம் தேவை. அசையாத திருகில் பெரும்பாலும் தொழிற்சாலையில் வைத்த பூட்டு வார்னிஷ் இருக்கும். குச்சி முனையில் துளி அசிட்டோன் தொட்டு வைத்துச் சற்று நேரம் காத்திருந்தால் இளகும். அந்தத் துளி பிளாஸ்டிக்கிலோ எழுத்துகளின் வண்ணத்திலோ பட்டால் அதையும் சேர்த்துக் கரைத்துவிடும். காடி இல்லாத முன்வளையத்தை ரப்பர் அடைப்பானால் அழுத்தித் திருகுங்கள். காடி உள்ளவற்றுக்கு லென்ஸ் ஸ்பேனர்தான். அது வழுக்கினால் கண்ணாடியில் கோடு விழும் என்பதால், நடுவில் ஒரு வட்டக் காகிதத்தை வெட்டிப் போட்டுவிட்டுத் திருகுவேன்.

இனி ஹெலிகாய்டு. பையில் உதிரியாக வரும் லென்ஸ்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் லென்ஸ் முன்னும் பின்னும் நகர்வது இந்த மரைகளால்தான். சாதாரணத் திருகுக்கு மரை தொடங்கும் வாய் ஒன்றே ஒன்று. ஹெலிகாய்டுக்கோ ஒரே வட்டத்தில் பல வாய்கள். எதில் நுழைத்தாலும் அது வழுக்கிக்கொண்டு ஏறும், சரியாக மாட்டிவிட்டது போலவே தோன்றும். ஆனால் ஒரே ஒரு வாய்தான் சரி. மற்றவற்றில் ஏற்றினால் லென்ஸ் இன்ஃபினிட்டிக்கு வராது, அல்லது அதைத் தாண்டிப் போகும், அல்லது அருகில் ஃபோகஸ் ஆகாமல் பாதியில் முட்டி நிற்கும். பல லென்ஸ்களில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு ஜோடி மரைகள் இருப்பதால் தவறாக மாட்டும் வழிகள் ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டே போகும்.

ஆகவே மரையைப் பிரிக்கும் முன் லென்ஸை இன்ஃபினிட்டியில் வைத்து, மொத்த நீளத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதுங்கள். லென்ஸ் சுழலாமல் நேராக மட்டும் நகரும்படி பிடித்துவைக்கும் சிறு பித்தளைக் கட்டைகள் எந்தக் காடியில் எந்தப் பக்கம் இருந்தன என்பதைப் படமெடுங்கள். பிறகு மிக மெதுவாகத் திருகுங்கள். இரண்டு துண்டும் பிரிந்து கையில் விழும் அந்தக் கணத்தில் கையை நிறுத்தி, இரண்டின் மீதும் நேர்க்கோட்டில் ஒரு குறி போடுங்கள். மார்க்கர் பேனாவால் போடாதீர்கள், பழைய கிரீஸைக் கழுவும்போது அதுவும் கழுவிக்கொண்டு போய்விடும். வெளியே தெரியாத இடமாகப் பார்த்து ஊசியால் மெல்லிய கீறலாகப் போடுங்கள். நான் இன்றும் ஒவ்வொரு லென்ஸுக்கும் இதைச் செய்கிறேன்.

குறி போடாமல் பிரித்துவிட்டீர்களா? பதற வேண்டாம், நேரம்தான் ஆகும். ஒரு வாயில் ஏற்றி, கட்டைகள் காடியோடு நேராக வருகின்றனவா, மொத்த நீளம் சரியா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த வாய். முயன்று பார்த்த ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே போங்கள். அலுமினிய மரைகளை முற்றிலும் உலர்ந்த நிலையில் திருப்பாதீர்கள், பிடித்துக்கொள்ளும். துளி எண்ணெய் இருக்கட்டும். எந்த இடத்திலும் பலம் காட்டக் கூடாது.

கிரீஸ் விஷயத்தில், கையில் கிடைத்த வாசலைனையும் மெலிந்த எண்ணெயையும் போடுபவர்கள் அதிகம். சூடு ஏறினால் அவை இளகி ஓடி, கடைசியில் அபர்ச்சர் பிளேடில் போய்ச் சேரும். லென்ஸ் ஹெலிகாய்டுக்கென்றே உள்ள கிரீஸைக் கொஞ்சமாக, மரையின் நிறம் தெரியும் அளவுக்குப் பூசினால் போதும்.

கண்ணாடிகளிலும் இதே பாடம்தான். ஒருமுறை ஒரு தம்பி ஹீலியோஸ் 44-2 கொண்டுவந்தார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது, படத்தின் நடுப்பகுதி மட்டும் ஓரளவு தெளிவு, ஓரங்கள் மொத்தமும் குழம்பல். முன்கண்ணாடியைத் துடைத்து வைத்தவர் அதைத் தலைகீழாக மாட்டியிருந்தார். அந்தக் குழம்பலை விரும்பி வேண்டுமென்றே திருப்பி மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். இவருக்கு அது தேவைப்படவில்லை. அந்த லென்ஸில் 6 கண்ணாடிகள், 4 தொகுதிகள். ஒவ்வொன்றையும் எடுக்கும்போதே அதன் விளிம்பில், முன்பக்கம் நோக்கி ஓர் அம்புக்குறியை வெள்ளைப் பென்சிலால் போட்டுவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. மறந்துவிட்டால், விளக்கின் பிரதிபலிப்பைக் கண்ணாடியில் பாருங்கள். குவிந்த பரப்பில் அது சிறிதாக, நேராகத் தெரியும். குழிந்த பரப்பில் தலைகீழாகத் தெரியும். இரு பக்கமும் குவிந்திருந்தால், அதிகம் வளைந்த பக்கத்தில் விளக்கு இன்னும் சிறிதாகத் தெரியும். கழற்றும் முன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் எந்தப் பக்கம் எது என்று பிடிபடும். இடையே வரும் மெல்லிய வளையங்களையும் தகடுகளையும் அந்தந்தக் கண்ணாடியோடு சேர்த்தே வையுங்கள். தகடு ஒன்று இடம் மாறினாலும் ஃபோகஸ் மாறும்.

அபர்ச்சர் வளையத்தை எப்போதும் ஒரு தட்டுக்குள் வைத்துக் கழற்றுங்கள். 'டிக் டிக்' என்று நிற்க வைப்பது ஒரு சிறு எஃகு குண்டும் ஸ்பிரிங்கும்தான். அந்தக் குண்டு தரையில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. பிளேடுகளில் எண்ணெய் இருந்தால் லைட்டர் திரவத்தால் கழுவி முழுக்க உலரவிடுங்கள். பிளேடுக்கு எண்ணெயே கூடாது, அவை உலர்ந்து ஓட வேண்டியவை. அந்தத் திரவத்தின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், காற்றைவிட கனமானது, மேசை மட்டத்திலும் தரையிலும் தேங்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் வேண்டாம். ஒட்டிய கண்ணாடித் தொகுதிகளை எந்தத் திரவத்திலும் ஊறவைக்காதீர்கள், ஒட்டுப் பிரிந்துவிடும்.

பூஞ்சைக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். முதலில் காற்றால் ஊதி, பிறகே துடையுங்கள். பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடி மேலுள்ள பூச்சை ஏற்கெனவே அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது, தேய்த்துத் தேய்த்து அதைப் போக்கப் பார்க்காதீர்கள். 1940களின் லென்ஸ்களில் உட்பரப்புப் பூச்சு மென்மையானது, அழுத்தித் துடைத்தால் பூச்சே கையோடு வந்துவிடும்.

மஞ்சளாகிப்போன லென்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 7 கண்ணாடிகள் கொண்ட 50 மி.மீ. எஃப்/1.4 டாகுமார் போன்ற சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அது கதிரியக்கப் பொருள், அதன் அரை ஆயுள் சுமார் 1400 கோடி ஆண்டுகள். கேமராவில் மாட்டிப் படமெடுப்பதில் அஞ்ச ஏதுமில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியைத் தேய்க்கவோ, பாலிஷ் போடவோ, உடைக்கவோ கூடாது. அதன் தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து. மஞ்சளைப் போக்கப் புற ஊதா எல்.இ.டி. விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் போதும், விளக்கைக் கண்ணால் நேராகப் பார்க்காதீர்கள். இதற்காக லென்ஸை வெயிலில் வைத்துவிட்டு அகலாதீர்கள். அது பூதக்கண்ணாடிதான், பக்கத்தில் இருக்கும் துணியோ காகிதமோ பற்றிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் மாட்டிய பின் ஃபோகஸ் வளையத்தின் 3 சிறு திருகுகளைத் தளர்வாகவே விட்டு, அபர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரம் போன்ற ஒன்றைக் கேமராத் திரையில் பெரிதாக்கிக் கூர்மையாக்குங்கள். வளையத்தை மட்டும் நகர்த்தி அதன் தூரக் குறியை இன்ஃபினிட்டியில் நிறுத்தி, பிறகு திருகுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சில வாரம் கழித்து அபர்ச்சரை மூடித் திறந்து பிளேடைப் பாருங்கள். எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தால் கிரீஸ் கூடிவிட்டது, மீண்டும் கழற்ற வேண்டியிருக்கும். ஊசியால் போட்ட அந்தக் கீறல் அப்போதும் அங்கேயே இருக்கும்.