ஓடிகொலோன் பாட்டிலில் ஓர் ஊர்

காய்ச்சல் என்றால் எங்கள் பாட்டி முதலில் தேடுவது ஓடிகொலோன் பாட்டிலைத்தான். ஈரத் துணியில் நாலு சொட்டு விட்டு நெற்றியில் போடுவார். அந்தப் பெயருக்குள் ஓர் ஊர் இருப்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பிரெஞ்சில் 'ஓ த கொலோன்' என்றால் கொலோன் தண்ணீர். ஜெர்மனியின் கொலோனில் குடியேறிய ஃபரீனா என்ற இத்தாலியர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்ற வாசனைத் திரவியம் அது.

ஆனால் அந்த ஊர் ரயில் நிலையத்தில் கொலோன் என்ற பலகையைத் தேடினால் கிடைக்காது. உள்ளூர்ப் பெயர் கிட்டத்தட்ட 'கேல்ன்'. அந்தக் 'கே'யை உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்ல வேண்டும். ஒரே ஊருக்கு இரண்டு பெயர் எப்படி வந்தது?

கி.பி. 50-இல் ரோமானியர்கள் அதைக் குடியேற்ற நகரமாக அறிவித்து நீளமான பெயர் ஒன்றைச் சூட்டினார்கள். அதன் முதல் சொல் 'கொலோனியா'. குடியேற்றம் என்று பொருள். பேச்சில் நிலைத்தது அது மட்டும்தான். லத்தீனில் அழுத்தம் 'லோ' மேல் விழும். பிரெஞ்சுக்காரர்கள் அந்த 'லோ'வை விடவில்லை. வால் தேய்ந்து கொலோன் ஆனது. ஜெர்மானியர்களுக்கோ முதல் அசையை அழுத்தித்தான் பழக்கம். 'கொ' பலமாக, நடுவிலிருந்த 'லோ' நசுங்கிப் போனது. பின்னால் வந்த இகரம் 'கொ'வின் ஒலியையும் வாயின் முன்பக்கம் இழுத்துவிட்டது. திருநெல்வேலியைத் தின்னவேலி ஆக்குகிற அதே சோம்பல்தான். ஆங்கிலேயர்கள் பிரெஞ்சு வழியாகப் பெயரை வாங்கியதால் கொலோன் என்றே வைத்துக்கொண்டார்கள்.

மியூனிக் கதை இன்னும் சுவையானது. 1158-ஆம் ஆண்டு ஆவணத்தில் அந்த ஊரின் பெயர் 'முனிகென்' என்பதுபோல் எழுதப்பட்டிருக்கிறது. துறவிகள் இருக்கும் இடம் என்று பொருள். ஜெர்மன் பேச்சில் நடு இகரம் விழுந்துவிட்டது. ஆங்கிலத்தில் அந்த இகரம் இன்றும் இருக்கிறது! வெள்ளைக்காரன் பெயரைக் கெடுத்துவிட்டான் என்று சொல்வது பாதிதான் சரி.

இன்றைய ஜெர்மன் உச்சரிப்பை வீட்டிலேயே முயன்று பார்க்கலாம். 'ஈ' என்று இழுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள். வருகிறதே, அதுதான் எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்து அவர்கள் எழுதும் ஒலி. (அந்தப் புள்ளிகள் ஒரு காலத்தில் எழுத்தின் தலையில் ஏறிய குட்டி 'e' எழுத்து, பழைய கையெழுத்தில் அது இரண்டு கோடாகத் தேய்ந்து, அப்புறம் புள்ளியானது.) அந்த ஒலியைக் குறுக்கிச் சொல்லி, முன்னால் 'ம்', பின்னால் 'ன்' சேருங்கள். தொடர்ந்து குரல் இல்லாமல், காற்றை மட்டும் விட்டு ஒரு 'ய்', கடைசியில் இன்னொரு 'ன்'. ஊர் வந்துவிட்டது.

சிலர் ஆங்கிலத்தில் பேசும்போது 'மியூனிஹ்' என்று தொண்டையைக் காறுவார்கள். அது ஆங்கிலமும் இல்லை, ஜெர்மனும் இல்லை. ஆங்கிலம் பேசினால் மியூனிக் என்று சொல்வதே போதும் என்பது என் கட்சி.

பெர்லின், ஹாம்பர்க் போன்றவற்றுக்குத் தனி ஆங்கிலப் பெயர் கிடையாது. எழுத்து பெரும்பாலும் அப்படியே இருக்க, வாய் மட்டும் மாறும். ஜெர்மானியர் 'ஷ்டுட்கார்ட்' என்பதை ஆங்கிலேயர் 'ஸ்டுட்கார்ட்' என்பார்கள். ஹனோவரில் அழுத்தமே இடம் மாறிவிடுகிறது: அங்கே 'ஹ-னோ-ஃபர்' என்று நடுவில், இங்கிலாந்தில் முதல் அசையில். 1714 முதல் 1837 வரை பிரிட்டிஷ் மன்னர்களே ஹனோவரையும் ஆண்டதால் அது ஆங்கிலேயர் வாயில் வீட்டுச் சொல்லாகிவிட்டது.

சில ஆங்கிலப் பெயர்கள் செத்தும் போயின. 'ஆகன்' என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் 'மகன்' என்று சொல்லும்போது வரும் இளகிய 'க'வைக் கொஞ்சம் உரசிச் சொன்னால் அந்த ஒலி கிட்டத்தட்ட வந்துவிடும். ஆங்கிலேயர்கள் முன்பு அதைப் பிரெஞ்சுப் பெயரில் எக்ஸ்-லா-ஷப்பெல் என்றார்கள். இன்று அவர்களும் ஆகனுக்கு வந்துவிட்டார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் ஓர் ஒப்பந்தத்தின் தலையில் மட்டும் பழைய பெயர் நிற்கிறது. 1748-இல் அங்கே செய்த அந்த ஒப்பந்தத்தின்படிதான், இரண்டு ஆண்டுகளுக்கு முன் பறித்த மெட்ராஸைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இன்றைய ஆங்கில வரைபடத்தில் எக்ஸ்-லா-ஷப்பெல்லும் இல்லை, மெட்ராஸும் இல்லை.