ஏலகிரி வளைவில் மூன்று கோடி ரூபாய்க்கு என்ன வேலை?

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கம்பர், கபிலர், பாரி, ஓரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல டயர் போட்ட சாதாரண கார், தன் எடையில் 90 சதவீதம் அளவுக்குப் பக்கவாட்டு விசையைத் தாங்கும். அந்தக் கார் மணிக்கு சுமார் 41 கிலோமீட்டர் வேகத்தில் வளைவைக் கடந்துவிடும். பந்தயத் தடத்துக்கென்றே செய்த கார் எடையைப்போல 1.4 மடங்கு தாங்கும் என்றால் அதன் வேகம் சுமார் 52. பிடிமானம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியும் வேகம் கால் பங்குதான் ஏறுகிறது. வளைவில் வேண்டிய விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதுதான் காரணம். அந்தப் பத்து கிலோமீட்டரும் எதிரே டூரிஸ்ட் வேன் வராவிட்டால்தான்.

போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் மாதிரியான தடக் கார் இந்தியாவில் மூன்று கோடி ரூபாயைத் தாண்டும். அதே 911 வரிசையின் சாதாரண மாடலைவிட ஒரு கோடிக்கு மேல் கூடுதல். அந்தக் கூடுதல் பணம் வண்டிக்குள் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?

முதலில் கண்ணில் படுவது பின்பக்க இறக்கை. மணிக்கு 200 கிலோமீட்டரில் இந்தக் காரைக் காற்று 409 கிலோ எடைக்குச் சமமாகத் தரையோடு அழுத்துகிறது. 285-ல் 860 கிலோ. காரின் எடையே 1,450 கிலோதான். எடை கூடாமல் டயர் மீது அழுத்தம் மட்டும் கூடுகிறது, அதனால் 200-ல் பிடிமானம் ஏறக்குறைய கால் பங்கு உயர்கிறது. ஆனால் இதுவும் வேகத்தின் இருமடிக் கணக்குதான். நூறில் போனால் அழுத்தம் நூறு கிலோ அளவுக்கு இறங்கிவிடும். ஏலகிரி வளைவில் 52-ல் திரும்பும்போது முப்பது கிலோகூடத் தேறாது. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் சட்டப்படி ஓட்டுகிறவருக்கு அந்த இறக்கை அலங்காரம்தான்.

விலையின் உண்மையான நியாயம் சூட்டில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிரேக் என்பது இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றும் கருவி, அவ்வளவே. 1,500 கிலோ வண்டியை 250-லிருந்து 80-க்குக் கொண்டுவந்தால் 32 லட்சம் ஜூலுக்கு மேல் வெப்பம் பிறக்கும். நம் ஊர்த் தண்ணீர் பதினோரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். தடத்தில் இது நான்கு நொடிக்குள் நடக்கிறது, அடுத்த சுற்றில் மறுபடியும், அதற்கடுத்த சுற்றிலும். பள்ளிகொண்டா டோல்கேட்டில் நூறிலிருந்து நிறுத்தினால் இதில் ஆறில் ஒரு பங்கு அளவுதான் வரும், பிறகு பிரேக் ஆறுவதற்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடும்.

குடும்பத்தோடு ஏலகிரி ஏறிய கார் இறங்கும்போது என்ன ஆகிறது என்று கேட்கலாம். 600 மீட்டர் இறக்கம் என்று வைத்தால், அதே எடைக்கு மொத்த ஆற்றல் 88 லட்சம் ஜூல், தடத்தில் ஒருமுறை பிரேக் அடிப்பதைவிட அதிகம். ஆனால் இறங்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பெரும்பகுதி காற்றில் கலந்துவிடும், இரண்டாம் கியரில் இறங்கினால் மிச்சத்தை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கியவர்களைத்தான் அடிவாரத்தில் பொன்னேரி பக்கம் ஓரங்கட்டிய நிலையில் பார்க்க முடியும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் கருகிய காட்டமான நாற்றம், சக்கரத்தருகே மெல்லிய புகை, பெடலை மிதித்தால் பஞ்சுபோல உள்ளே போகும்.

அந்தப் பஞ்சுத்தன்மை பேடால் வருவதல்ல, பிரேக் ஆயிலால் வருவது. டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குமிழ், குமிழ் அமுங்கும், திரவம் அமுங்காது. கால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். தடக் கார்களில் தடிமனான பெரிய டிஸ்க், கூடுதல் விலைக்கு கார்பன் செராமிக் டிஸ்க், அவற்றின் மேல் காற்றை அள்ளி ஊதும் குழாய்கள் என்று பணம் கொட்டியிருப்பது இந்த ஒரு காரணத்துக்காக. இதே வெப்பப் பிரச்சினைக்காக ஜிடி3 ஆர்எஸ்ஸில் முன்பக்கச் சாமான் அறையையே எடுத்துவிட்டு நடுவில் ஒரு பெரிய ரேடியேட்டரைப் படுக்க வைத்திருக்கிறார்கள். பெட்டி வைக்க இடமில்லை என்று குறைபட்டால் அந்தக் கார் உங்களுக்கானதல்ல.

இன்ஜினும் இதே கதை. நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது, நிமிடத்துக்கு 9,000 சுற்று. பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரமான ஸ்ட்ரோக் 81.5 மில்லிமீட்டர். அதை வைத்து அந்தச் சுற்றுக்குப் போனால், மேல்முனையில் திசை திரும்பும் பிஸ்டன் மீது புவியீர்ப்பைப்போல 4,000 மடங்குக்கு மேல் முடுக்கம் விழும். 6,500 சுற்றோடு ஒப்பிட்டால், பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு மீதான இழுவை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதைத் தாங்கத்தான் அந்த ராடு டைட்டானியத்தில்.

எண்ணெய்க்கு வேறு சிக்கல். எடையைப்போல 1.4 மடங்கு விசை வரும் வளைவில், இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பிலுள்ள ஆயில் 54 டிகிரி சாய்ந்து ஒரு பக்கச் சுவரில் ஏறிக்கொள்ளும். பம்பு காற்றை உறிஞ்சும், சில நொடியில் பேரிங் போய்விடும். அதனால் ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்துப் பல பம்புகளால் உறிஞ்சி ஊட்டும் டிரை சம்ப் முறை. வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நிற்கும் காருக்கு இதெல்லாம் எதற்கு?

டயர் விஷயத்தில் நம் வெயில்கூட உதவாது. தட டயரின் மென்மையான ரப்பர் ஏறக்குறைய 80 முதல் 100 டிகிரி சூட்டில்தான் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் நெளிந்து புகுந்து பிடிக்கும். அக்னி நட்சத்திர வேலூர்த் தார்ச்சாலையில் நிதானமாகப் போனாலும் டயர் அந்தச் சூட்டுக்கு வராது. ஐப்பசி மழையிலோ நிலைமை இன்னும் மோசம். டயரில் வெட்டிய பள்ளங்கள் ஆழம் குறைவு, தண்ணீரை வெளியேற்ற வழியில்லை, கார் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கும்.

தோல் பதனிட்டே வளர்ந்த ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துக்காரருக்கு இன்னொன்று வேடிக்கையாக இருக்கும். விலை ஏற ஏறத் தோல் கூடும் என்பதுதான் கார் உலக வழக்கம். இந்தக் காரிலோ எடை குறைக்கக் கதவின் உட்பக்கக் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு துணி வார்.

இனி விலை. 2025 கணக்குப்படி, முழுதாக இறக்குமதியாகும் விலையுயர்ந்த காருக்கு சுங்கமும் செஸ்ஸும் சேர்த்து 110 சதவீதம். அதன்மேல் ஜிஎஸ்டி 40. ஜெர்மனியிலிருந்து 100 ரூபாய்க்கு வந்திறங்கும் பொறியியல் இங்கே 294 ரூபாய் ஆகிறது. டீலர் லாபம் தனி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீத ஆயுள் வரியும் தனி. இறக்கைக்கும் டைட்டானியத்துக்கும் கொடுப்பதாக நினைக்கும் கூடுதல் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரி. உள்ளூரில் தயாரானால் சுங்கச் சுமை இறங்கும். பனப்பாக்கத்தில் டாடாவின் ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களுக்காக 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியது நினைவிருக்கலாம். ஆனால் குறைந்த எண்ணிக்கையில் விற்கும் தடக் காருக்காக யாரும் இங்கே தனி வரிசை போடமாட்டார்கள்.

என் கணக்கில், இருபதாவது சுற்றிலும் முதல் சுற்றைப்போலவே பிரேக் பிடிக்க வேண்டும், ஆயில் அழுத்தம் விழக் கூடாது என்பவருக்குத்தான் இந்த விலை பொருந்தும். அவர் வருடத்தில் பலமுறை தடத்துக்குப் போகிறவராக இருக்க வேண்டும். வேலூரிலிருந்து அதே நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் தடம் இருக்கிறது. ஆசைக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்க மூன்று கோடி வேண்டாம். நல்ல நிலையிலுள்ள பத்து லட்ச ரூபாய் ஹேட்ச்பேக்கில் பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றி, அதிக சூடு தாங்கும் பேட் போட்டு, டயரைச் சரிபார்த்துக்கொண்டு போனால் போதும். ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை வேகம் குறைத்து ஆறவிட வேண்டியிருக்கும். முழு ரேஸ் பேட் போட்டிருந்தால் மட்டும் வீடு திரும்புமுன் கழற்றிவிடுங்கள். அது குளிர்ந்திருக்கும்போது சாதாரண பேடைவிட மோசமாகப் பிடிக்கும்.