தரையிறக்கத்தைக் கைவிடும் முடிவு யாருடையது?

சிறிய விமானம் ஒன்று ஓடுதளத்தைத் தாண்டிப் போய் மண்ணில் மூக்குக் குத்தி நின்றால், பார்ப்பவர்கள் முதலில் சொல்வது "விமானி தப்புக் கணக்குப் போட்டுவிட்டார்" என்பதுதான். விமானப் பயிற்றுநராக நான் அதை மறுக்க மாட்டேன். விமானம் பறக்கும்போது இறுதி அதிகாரம் தலைமை விமானிக்கே, பொறுப்பும் அவருக்கே. ஆனால் யாருடைய அவசரமெல்லாம் அப்போது அவர்மேல் ஏறியிருந்தது என்று கேட்காமல் விட்டால், இன்னொரு விமானியும் அதே இடத்தில் போய் நிற்பார்.

கணக்கைப் பார்ப்போம். ஓடுதளத்தை நெருங்கும் வேகம் 10 சதவீதம் கூடினாலே தரையிறங்கத் தேவையான தூரம் ஏறக்குறைய 21 சதவீதம் கூடிவிடும். செஸ்னா 172எஸ் என்ற சிறிய விமானத்தின் கையேடு, பின்காற்று 2 நாட் (மணிக்கு சுமார் 3.7 கி.மீ.) இருந்தாலே தூரத்தில் 10 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது. கொஞ்சம் வேகம், கொஞ்சம் பின்காற்று, கொஞ்சம் கூடுதல் உயரம் எனத் தனித்தனியே பார்த்தால் எல்லாமே சமாளிக்கக் கூடியவைதான். மூன்றும் சேரும்போது விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். பதற்றத்தில் மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் மோதித் துள்ளும். மறுபடி அழுத்தினால் அடுத்த துள்ளல் இன்னும் பெரிது. முழு விசை கொடுத்து, மூக்கைச் சீராகப் பிடித்து, இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவிட்ட ஃபிளாப் தகடுகளைப் படிப்படியாக மடக்கி மேலேறிச் சுற்றி வருவதே தப்பும் வழி. இந்த கோ-அரவுண்ட் பாடம் எல்லா மாணவருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் செய்வதில்லை?

2001 மார்ச் 29 அன்று, அமெரிக்காவின் ஆஸ்பென் விமான நிலையத்தை நெருங்கிய கல்ஃப்ஸ்ட்ரீம் III ரக வாடகை ஜெட், ஓடுதளத்துக்கு முன்பே தரையில் மோதியது. 18 பேரும் இறந்தார்கள். பயணிகள் தாமதமாக வந்ததால் விமானம் தாமதமாகப் புறப்பட்டிருந்தது. இருட்டியபின் அங்கே இறங்கவும் கட்டுப்பாடு இருந்தது. ஓடுதளம் கண்ணில் தெரியாமலே குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறக்கியதுதான் காரணம் என்று விசாரணை வாரியம் எழுதியது. அதோடு நிற்கவில்லை. வாடகைக்கு எடுத்தவர் தந்த அழுத்தம், இரவுக் கட்டுப்பாடு பற்றிய அறிவிப்பின் தெளிவற்ற வாசகம், அது கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போய்ச் சேராதது ஆகியவற்றையும் பங்களித்த காரணங்களாகப் பதிவு செய்தது. விமானியின் பிழையைக் குறைக்கவும் இல்லை, மற்றவர் பங்கை மறைக்கவும் இல்லை. விபத்தைப் பற்றிப் பேச வேண்டிய முறை இதுதான் என்று மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நான்கு பேர் அமரும் விமானத்திலும் இதே அழுத்தங்கள் உண்டு. இருட்டுவதற்குள் விமானம் திரும்பியாக வேண்டும் என்கிற உரிமையாளர். சீக்கிரம் வந்து இறங்கச் சொல்லும் கோபுரம். அங்கே "இயலாது" என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஆனால் புதிய விமானிக்கு அது வாயில் வராது.

எனக்கு மிகவும் கவலை தருவது எங்கள் தொழிலின் பங்கு. மாணவர் ஓடுதளத்தை மோசமாக நெருங்கினாலும், ஒவ்வொரு முறையும் கடைசி நொடியில் கட்டுப்பாட்டை வாங்கிச் சரிசெய்து இறக்கிக் காட்டும் பயிற்றுநர், எப்படி வந்தாலும் இறங்கிவிடலாம் என்றே கற்றுக்கொடுக்கிறார். மாணவரையே விசை கொடுத்து மேலேற விடுங்கள். தரையிலிருந்து 500 அடி உயரத்தில் வேகமோ இறங்கும் பாதையோ சீராக இல்லையென்றால் விவாதமே இல்லாமல் கோ-அரவுண்ட் என்பதைப் புறப்படும் முன்பே வாய்விட்டுச் சொல்லவையுங்கள்.

பயணியாக ஏறுபவருக்கும் ஒரு வேண்டுகோள். இறங்க வேண்டிய இடத்தில் உங்களுக்காக யார் காத்திருந்தாலும், அன்றைக்கு இறங்க முடியாமல் போகலாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டதை விமானியிடமும் தெரிவியுங்கள்.