பகலில் தேடினால் அகப்படாத தங்கப் பல்லி

கல் குவாரிக்கோ சாலைக்கோ ஒரு குன்றை ஒதுக்குவதற்கு முன் நடைபெறும் உயிரினக் கணக்கெடுப்புகளில் பணியாற்றுகிறேன். அந்த அறிக்கைகளில் 'அரிய ஊர்வன எவையும் தென்படவில்லை' என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம், கணக்கெடுப்பு எந்த நேரத்தில் நடந்தது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் அது பகல் நேரமாகவே இருக்கும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைக் காடுகளில் வாழும் தங்கப் பல்லியைப் பொறுத்தவரை, பகலில் நடந்த தேடலை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

மதராஸ் மாகாண வனத்துறையில் பணிபுரிந்த பெடோம், 1870-இல் இந்த இனத்தை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அவர் குறிப்பிட்ட இடம் திருப்பதி மலைகள். அதன்பின் நெடுங்காலம் பார்வையில் படாதிருந்து, 1980-களில் ஆந்திரத்தின் திருமலைப் பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்டது. பிறகு ஒடிசாவிலும் வட தமிழகக் குன்றுகளிலும் பதிவாகியுள்ளது.

ஓடையோரக் குண்டுக்கற்களின் இடுக்கு, குகையின் உட்சுவர், வெயில் படாத ஈரமான பிளவு ஆகியவையே இதன் வீடு. பகலெல்லாம் அங்கேயே ஒடுங்கியிருந்து, இருட்டிய பின்தான் வெளியே வரும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லியின் உடல் மஞ்சள் பூசியதுபோல் பொன்னிறமாகிவிடும். பெண்ணுக்கு அந்த நிறம் இல்லை என்பதால், பழகாத கண் அதை வேறு ஏதோ பல்லி என்று விட்டுவிடும். ஒன்று குரல் கொடுத்தால் பக்கத்துப் பாறைகளிலிருந்து மற்றவையும் சேர்ந்து கத்தும். வெளிச்சத்தை அடித்துக்கொண்டு விரைவதைவிட, டார்ச்சை அணைத்துவிட்டு ஓரிடத்தில் நின்று கேட்பதே பயன் தரும்.

பல்லி தென்படாவிட்டாலும் முட்டைகள் காட்டிக் கொடுத்துவிடும். பல பெண் பல்லிகள் ஒரே பாறைச் சுவரைத் தேர்ந்து, கெட்டியான ஓடுள்ள வெள்ளை முட்டைகளை அதில் ஒட்டி வைக்கின்றன. குஞ்சு பொரிந்த பின்பும் ஓட்டின் அடிப்பகுதி பாறையை விட்டு வராமல் வட்டத் தழும்பாக நிற்கும். பழைய தழும்புகளுக்கு நடுவே புது முட்டைகள் இருந்தால், அந்த இடம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது என்று பொருள். பாறையிலிருந்து பெயர்த்தால் முட்டை உடைந்துவிடும். ஆகவே அப்படிப்பட்ட ஒரு பாறைக்கு வெடி வைத்தால், அந்தக் குன்றின் பல்லிகள் சேர்ந்து முட்டையிடும் இடமே இல்லாமற் போகிறது. வேறிடத்தில் மரம் நட்டு இதை ஈடுசெய்ய முடியாது. குகைச் சுவரில் பெயர் எழுதுவதும், சுத்தம் செய்வதாக எண்ணிச் சுரண்டுவதும் இதே கேட்டைச் சிறிய அளவில் செய்கின்றன.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் பொன், வெள்ளிப் பல்லிகளைத் தொட்டு வணங்கும் நம் மக்கள், மலைக் குகையில் உயிருள்ள பல்லியைக் கண்டால் விஷம் என்று அஞ்சி அடித்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இந்தப் பல்லிக்கு விஷம் கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிரினம் இது. பிடிப்பதும் கொல்வதும் குற்றம்.

உங்கள் ஊர்க் குன்றுக்குக் குவாரித் திட்டம் வந்து, கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், ஊர்வனவற்றுக்கு இரவில் கணக்கெடுப்பு நடந்ததா, பாறை இடுக்குகளில் முட்டைத் தழும்புகள் தேடப்பட்டனவா என்று கேட்டு, உங்கள் கேள்வியைக் கூட்டப் பதிவில் எழுத வையுங்கள். முட்டை ஒட்டிய பாறை ஏதேனும் தெரிந்திருந்தால், தொடாமல் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனுவோடு கொடுங்கள். இடத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிட வேண்டாம்.